'கன்ஸ்மோக்' பழைய சீசன்கள்: நெகட்டிவிலிருந்து எடுத்த பிரதியில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

#1 லாடம் (கோயம்புத்தூர்)

அமெரிக்காவிலிருந்து வந்த அத்தான் 'கன்ஸ்மோக்' என்ற பழைய அமெரிக்கக் கௌபாய் டிவி தொடரின் முதல் சீசன் டிவிடி பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். 1955-56 இல் வந்த 39 எபிசோட். நேற்று ராத்திரியோடு பதினேழு முடிந்தது. இதைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். டெக்ஸ் வில்லரைக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியத்தில் பார்த்துப் பழகியதால் கௌபாய் உலகம் என்றாலே என் மனசில் வண்ணம் கிடையாது. ஆனாலும் இந்தத் தொடர்களை முன்னால் இணையத்தில் பார்க்க முயன்று விட்டுவிட்டேன். முகம் எல்லாம் சுண்ணாம்பு, நிழல் எல்லாம் தார். மதுக்கடைக்குள் யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது.

இப்போது முதல் எபிசோடைச் சொல்கிறேன். (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) ஜான் வெய்ன் வந்து அறிமுகம் செய்துவிட்டுப் போகிறார். அப்புறம் டாட்ஜ் சிட்டிக்கு ஒரு துப்பாக்கிக்காரன் வருகிறான். மார்ஷல் மேட் டிலன் அவனைக் கைது செய்யப் போகிறார், முந்திக்கொள்ள முடியாமல் சுடப்பட்டு விழுகிறார். தொடரின் முதல் கதையிலேயே நாயகன் தோற்கிறான்! படுக்கையில் கிடந்து யோசித்துத்தான் பிடிக்கிறார்: அவன் எப்போதும் ஆளுக்குப் பக்கத்தில் வந்துதான் சுடுகிறான். வேகம் இருக்கிறது, குறி இல்லை. கடைசியில் மேட் தெருவில் தள்ளி நின்று, "அங்கேயே நில்" என்கிற மாதிரி இடைவெளியைக் காப்பாற்றுகிறார். கதை முழுக்க அந்தச் சில அடித் தூரத்தில்தான் இருக்கிறது. பிரதி மோசமாக இருந்தால் அந்தத் தூரமே தெரியாது, இரண்டு கறுப்புப் பொம்மைகள் சுட்டுக்கொள்வது போல இருக்கும். இந்தப் பிரதியில் தெருவின் புழுதி, தூரத்து ஆளின் கண் இடுக்கு எல்லாம் தெரிகிறது. அப்போதுதான் எழுத்தாளர் என்ன செய்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது.

இதில் தெளிவு என்று நான் உணர்வது எங்கிருந்து வருகிறது? தொழில் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். அடுத்து எதைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

#2 கழுவுதொட்டி (சென்னை)

தம்பி, கோடம்பாக்கத்தில் ஒரு லேபில் பத்தொன்பது வருஷம் இருந்தேன். முதலில் நெகட்டிவ் கட்டிங், பிறகு கிரேடிங், அதாவது படத்தின் வெளிச்சமும் நிறமும் சரிசெய்வது. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தூக்கம் வராது.

ஐம்பதுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஏராளமான நிகழ்ச்சிகள் நேரடி ஒளிபரப்பு. அவற்றில் மிஞ்சியவை டிவி திரைக்கு எதிரே பிலிம் கேமராவை வைத்துப் பிடித்தவை. அதற்கு மேல் அதில் எடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் குதிரை, பாறை, மாட்டு மந்தை இதையெல்லாம் நேரடியாகக் காட்ட முடியாதே. அதனால் வெஸ்டர்ன், அதாவது கௌபாய் தொடர்களைச் சினிமா மாதிரியே 35 எம்எம் பிலிமில் எடுத்தார்கள். அன்றைக்கு வீட்டில் இருந்த சின்னத் திரை அந்தத் தரத்தில் கால்வாசியைக்கூடக் காட்டியிருக்காது. ஒளிப்பதிவாளர் போட்ட விளக்கு முழுசும் நெகட்டிவில் தூங்கிக்கொண்டிருந்தது.

நீங்கள் இணையத்தில் பார்த்தது எப்படி உருவானது தெரியுமா? நெகட்டிவிலிருந்து ஒரு நகல், அதிலிருந்து 16 எம்எம் நகல் நெகட்டிவ், அதிலிருந்து ஊர் ஊராக நிலையங்களுக்கு அனுப்பிய 16 எம்எம் பிரிண்ட், அதை டேப்புக்கு மாற்றி, டேப்பிலிருந்து இன்னொரு டேப். ஒவ்வொரு படிக்கும் நிழலில் ஒரு பங்கு போகும், வெளிச்சத்தில் ஒரு பங்கு போகும். மிஞ்சுவது நீங்கள் சொன்ன சுண்ணாம்பும் தாரும்தான்.

நல்ல பிரதிக்கு அசல் நெகட்டிவுக்கோ, அதிலிருந்து எடுத்த முதல் பாசிட்டிவுக்கோ போவார்கள். கீறல் இருந்தால் ஈர கேட்: பிலிமை ஒரு திரவத்துக்குள் ஓட்டி ஸ்கேன் செய்வது. திரவம் கீறலுக்குள் புகுந்து நிரம்பும், ஒளி வளையாமல் நேரே போகும், கீறல் மறையும். முதன்முதலில் அதைப் பார்த்த அன்று நான் அரை மணி நேரம் அந்த மெஷினை விட்டு நகரவில்லை.

ஆனால் என்னைக் கேட்டால் தெளிவைவிடப் பெரிய லாபம் நிமிஷங்கள். அரை மணி எபிசோட் என்றால் அன்றைக்குச் சுமார் 26 நிமிஷம் கதை. மறுஒளிபரப்பில் விளம்பரம் கூடக்கூட அது 22 பக்கம் வந்துவிடும். நாலு நிமிஷத்தை எங்கே வெட்டுவார்கள்? சண்டையை வெட்ட மாட்டார்கள். ஒருவன் நடந்து வருவதை, காபி ஊற்றுவதை, பதில் சொல்லாமல் பார்ப்பதைத்தான் வெட்டுவார்கள். கத்தரி பிடித்த கை என்னுடையது, அதனால் சொல்கிறேன்: மௌனம்தான் முதலில் போகும். முழு எபிசோட் பார்க்கும்போது இவை வேறு ஜாதி நாடகங்கள்.

#3 ஸ்கார்பரோவாசி (ரொறன்ரோ)

லேப் அண்ணை, அருமையான விளக்கம். எங்கட வீட்டில 'பொனான்சா'தான், ஒரு தகப்பனும் மூண்டு மகன்மாரும் பண்ணை நடத்திற கௌபாய்த் தொடர். 1959 செப்டெம்பரில தொடங்கி 1973 ஜனவரி வரைக்கும் 14 சீசன், 431 எபிசோட். முதல் நாளிலயிருந்தே வண்ணம். காரணம் வியாபாரம்தான்: அதை ஒளிபரப்பின என்பிசியின்ர தாய்க் கொம்பனி ஆர்சிஏ, அவைக்குக் கலர் டிவிப் பெட்டி விக்க வேணும். பெட்டி விக்கிறதுக்காக எடுத்தது, கதை நடக்கிற தாஹோ ஏரியின்ர நீலத்தை அறுபத்தைஞ்சு வருசம் தாண்டி எங்களுக்கு வைச்சுத் தந்திட்டுது.

முதல் நான் வாங்கினது ஒரு பழைய பொருள் கடையில ரெண்டு டொலர் தட்டு. அதில ஒரு அநியாயம். உரிமை புதுப்பிக்காமல் பொதுச்சொத்தாப் போன எபிசோட் 31 இருக்கு. ஆர் வேணுமெண்டாலும் போடலாம். ஆனால் ஆரம்ப இசைக்கு உரிமை இருக்கு. அதால அந்த மலிவுத் தட்டுகளில தொடக்கத்தில பண்ணையின்ர வரைபடம் எரியேக்க வேற ஏதோ ஒரு இசை வரும்! 'பொனான்சா' பாத்த எவருக்கும் அது நெஞ்சில குத்தும். முகமெல்லாம் றோஸ் நிறம், ஏரி சாம்பல். 2009 இல உரிமைக்காரரே முதல் சீசனை வெளியிட்ட பிறகுதான் அசல் இசையோட, அசல் நிறத்தோட பாத்தன். பாத்து முடிய, அந்த ரெண்டு டொலர் தட்டை ஆருக்கும் குடுக்கவும் மனம் வரேல்ல.

இன்னொண்டு. அப்பா பென் கார்ட்ரைட்டா வாற லோர்ன் கிறீன் எங்கட ஒட்டாவாவில பிறந்தவர். யுத்த காலத்தில கனடாவின்ர சிபிசி வானொலியில செய்தி வாசிச்சவர். அந்தக் குரலில சாவுச் செய்தி கேட்ட சனம் அவருக்கு 'அழிவின் குரல்' எண்டு பேர் வைச்சது. அதே குரல்தான் பிறகு ஒரு கண்டம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை இரவில தகப்பன்ர குரலாப் போனது. இதை இஞ்ச வளந்த என்ர பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்ல எனக்கு அலுக்கிறதில்லை.

#4 கழுவுதொட்டி

றோஸ் நிறத்துக்குக் காரணம்: அந்தக் கால வண்ண பிரிண்டில் மூன்று சாய அடுக்கு. நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும், மஞ்சளும் பின்னாலேயே போகும். மிஞ்சுவது மஜெந்தா. அதனால்தான் பழைய வண்ண பிரிண்ட் எல்லாம் செம்பருத்திச் சாறு ஊற்றினது மாதிரி இருக்கும். நெகட்டிவ் குளிரில், ஈரமில்லாமல் இருந்தால் தப்பிக்கும். என் கண் முன்னால் ஏ.சி. இல்லாத அறையில் புளிச்ச வாடை அடிக்க ஆரம்பித்த டப்பாக்கள் எத்தனை. அசிடேட் பிலிம் கெடும்போது வரும் வாடை அது, வினிகர் வாடை. மூடியைத் திறந்தால் கண் எரியும். உள்ளே யாருடைய நடிப்பு இருந்ததோ.

'பொனான்சா'வில் இன்னொன்று கவனியுங்கள். அப்பா, மகன்கள் நாலு பேரும் சீசன் சீசனாக ஒரே உடுப்பு. ஆடம் கறுப்பு, ஹாஸுக்குப் பெரிய வெள்ளைத் தொப்பி, சின்ன ஜோவுக்குப் பச்சை மேல்சட்டை. போன வருஷம் எடுத்த குதிரைச் சவாரி ஷாட்டை இந்த வருஷக் கதையில் ஒட்டலாம் என்பதற்காக. நல்ல பிரதியில் அந்த ஒட்டு தெரியும், பிலிமில் பொடிப்பொடியாகத் தெரியும் துகளின் அளவு மாறும். எனக்கு அது பிடிக்கும், தையல்காரனின் கைத்தையல் மாதிரி.

#5 நாலுகே

எல்லாரும் பாராட்டுகிறீர்கள், என் அனுபவம் வேறு. 55 அங்குல டிவியில் 'ஹேவ் கன் - வில் டிராவல்' என்ற கௌபாய் தொடரைப் போட்டேன். வானம் முழுக்க எறும்பு ஊர்வது போல் துகள். மென்பொருளில் ஓட்டித் துடைத்தேன், முகம் எல்லாம் பளிச்சென்று நேற்று எடுத்த மாதிரி ஆகிவிட்டது. ஓரத்துக் கறுப்புப் பட்டையும் போகட்டும் என்று அகலத் திரைக்கு வெட்டிவிட்டேன். மீட்டெடுப்பு என்றால் இதை அவர்களே செய்து தரலாமே?

#6 கழுவுதொட்டி

தம்பி, கோபப்படவில்லை, ஆனால் உறுதியாகச் சொல்கிறேன். அந்தத் துகள் படத்தின் மேல் விழுந்த தூசு இல்லை. படமே அந்தத் துகளால் ஆனது. வெள்ளி உப்புத் துகள்கள் ஒளி பட்டுக் கறுத்ததுதான் ரிச்சர்ட் பூனின் முகம். அந்த முகம் எப்படிப்பட்டது! அம்மைத் தழும்பு போல் குழி, மூக்கின் இருபக்கமும் பள்ளம். அந்தத் தொடரின் நாயகன் பாலடின் பாத்திரத்துக்கு நடிகர் கொண்டுவந்த சொத்தே அதுதான். சான் பிரான்சிஸ்கோ ஓட்டலில் பட்டுச் சட்டை போட்டுக் கவிதை சொல்கிறவன், வேலை என்று வந்தால் கறுப்பு உடுப்பில் இறங்குகிறான். இரண்டு ஆளையும் ஒரே முகத்தில் நம்ப வைப்பது அந்தப் பள்ளங்கள். மென்பொருள் அதைத் துடைத்தால் மெழுகு பொம்மை மிஞ்சும்.

வெட்டினீர்களே, அது இன்னும் வலிக்கிறது. நாலுக்கு மூன்று படச்சட்டத்துக்காக அடுக்கிய காட்சி அது. மேலே தொப்பி போகும், கீழே இடுப்புத் துப்பாக்கி போகும். கௌபாய் படத்தில் இந்த இரண்டும் இல்லாமல் என்ன மிச்சம்?

ஒரே இடத்தில் உங்களோடு உடன்படுகிறேன். ஒரு காட்சி கரைந்து அடுத்தது வரும் இடங்களில் துகள் உண்மையிலேயே கூடும். அந்தக் கரைசலை ஆப்டிகல் பிரிண்டரில் (ஓடும் பிலிமை இன்னொரு பிலிமில் படம்பிடிக்கும் கருவி) செய்து நகல் பிலிமை நடுவில் ஒட்டியிருப்பார்கள். அதனால் காட்சி முடியப் போகிறது என்பதைச் சில நொடி முன்னாலேயே படம் கொஞ்சம் முரடாவதை வைத்துச் சொல்லிவிடலாம்.

#7 நாலுகே

கறுப்புப் பட்டையோடு, துடைக்காமல், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். அசைவை வழுவழுப்பாக்கும் டிவியின் 'மோஷன் ஸ்மூத்' வசதியையும் அணைத்தேன், அதுதான் பாதிப் பிரச்சினை என்று இப்போது தெரிகிறது. பூனின் முகம் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் டிவிடியின் 480 வரி பெரிய திரைக்குப் போதாது என்பதில் நான் மாறவில்லை. நெகட்டிவில் இவ்வளவு இருக்கிறது என்றால் ப்ளூ-ரேயில் கேட்பது தப்பில்லை.

அப்புறம் ஒரு செய்தி. இந்தத் தொடரின் 24 கதைகளை எழுதியவர் ஜீன் ராடன்பெரி. பின்னால் 'ஸ்டார் டிரெக்' விண்வெளித் தொடரை உருவாக்கினாரே, அவர்தான். ஊருக்கு ஊர் போய்ச் சிக்கல் தீர்க்கும் ஆள் எங்கிருந்து வந்தான் என்று புரிகிறது.

#8 கரிசல் (திருநெல்வேலி)

இவ்வளவு தெளிவாகப் பார்ப்பதில் இன்னொன்றும் தெரிகிறது, அதை யாரும் சொல்லவில்லை.

பூர்வகுடிப் பாத்திரங்களில் பெரும்பாலும் வெள்ளை நடிகர்களுக்குச் சாயம் பூசி நிறுத்தினார்கள். மங்கலான பிரதியில் அது கண்ணுக்குத் தப்பும். நல்ல பிரதியில் சாயம் எங்கே முடிகிறது என்பது வரை தெரிகிறது. 'லோன் ரேஞ்சர்' தொடரின் டோன்ட்டோவாக வந்த ஜே சில்வர்ஹீல்ஸ் மாதிரி உண்மையான மோஹாக் இனத்து நடிகருக்கு இடம் கிடைத்தது அபூர்வம். கிடைத்த இடத்திலும் அவர் வாயில் உடைந்த ஆங்கிலத்தைத்தான் வைத்தார்கள். 'பொனான்சா'வின் சீனச் சமையல்காரர் ஹாப் சிங்கும் அப்படித்தான். விக்டர் சென் யங் அதில் எவ்வளவு மானத்தோடு நடிக்கிறார் என்று முகத்தைப் பார்த்தால் தெரியும், வசனம் அவரைக் கைவிடுகிறது. உண்மையான கால்நடைத் தடங்களில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவராக இருந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். மாட்டு மந்தை ஓட்டுபவர்களின் கதையான 'ராஹைட்' தொடரில் கறுப்பின நடிகர் ரேமண்ட் செயின்ட் ஜாக்ஸ் நிரந்தரப் பாத்திரமாக வந்து சேர்ந்தது 1965 இல், கடைசி சீசனில்.

நான் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. நானே விரும்பிப் பார்க்கிறேன். 'கன்ஸ்மோக்'கில் கிட்டி ரஸ்ஸலாக அமண்டா பிளேக் 19 சீசன் நின்றது எனக்குப் பெரிய விஷயம். ஒரு பெண் மதுக்கடையின் கணக்கைத் தானே பார்க்கிறாள், மார்ஷலை நேராகப் பார்த்துப் பேசுகிறாள், கடைசி வரை அவரிடம் எதையும் கெஞ்சவில்லை. ஆனால் மீட்டெடுத்த அழகை மட்டும் பேசிவிட்டு, அது மீட்டுக் கொண்டுவரும் மற்றதைப் பேசாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

#9 லாடம்

கரிசல் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மறுபடி ஒரு எபிசோட் பார்த்தேன். நீங்கள் சொன்ன சாயம் தெரிந்தது, இனி தெரியாமல் இருக்காது. வெட்டி எறிந்துவிட்டு வெளியிட வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

#10 கரிசல்

மாட்டேன். முழுசாக வரட்டும். வெட்டினால் அவர்கள் செய்ததும் மறையும், சில்வர்ஹீல்ஸ் அதற்குள் நின்று செய்ததும் மறையும்.

#11 சாக்பீஸ் (தஞ்சாவூர்)

நான் பள்ளி ஆசிரியன், மகன் ஏழாம் வகுப்பு. நாங்கள் இருவரும் சேர்ந்து பார்ப்பது 'தி ரைஃபிள்மேன்'. 1958 முதல் 1963 வரை, 168 எபிசோட், எல்லாம் அரை மணி, எல்லாம் கறுப்பு வெள்ளை. மனைவியை இழந்த லூக்கஸ் மெக்கெய்ன், மகன் மார்க்கோடு நியூ மெக்சிகோவில் ஒரு சின்னப் பண்ணையில் இருக்கிறார். தந்தை தனியாகப் பிள்ளை வளர்ப்பதைத் தொலைக்காட்சி இப்படி நடுவில் வைத்தது அப்போது புதுசு. முதல் கதையை எழுதியவர் சாம் பெக்கின்பா, பின்னால் பெயர்பெற்ற சினிமா இயக்குநர்.

துப்பாக்கியைப் பற்றி மகன் கேட்டுக்கொண்டே இருந்தான், தேடிப் படித்தோம். அது 1892 மாடல் வின்செஸ்டர், கதை நடப்பதோ 1880களில்! விசைக் காப்பில் ஒரு திருகு வைத்திருப்பார்கள். நெம்புகோலை மூடும்போது திருகே விசையைத் தட்டிவிடும், அதனால்தான் அந்த வேகம். நல்ல பிரதியில் படத்தை நிறுத்திப் பார்த்து அந்தத் திருகைத் தேடினோம்.

ஆனால் எங்களை உட்கார வைப்பது சுட்டு முடிந்த பிறகு வரும் நிமிஷம். அப்பா ஓர் ஆளைக் கொன்றிருக்கிறார், பையன் பார்த்துவிட்டான். ஜானி கிராஃபோர்டு என்கிற அந்தச் சிறுவன் முகத்தை மூடிக்கொள்வதில்லை, அப்பாவின் கையையே பார்க்கிறான். சக் கானர்ஸ் ஆறரை அடி ஆள், பேஸ்பாலும் கூடைப்பந்தும் தொழில்முறையில் ஆடியவர். அவர் குனிந்து மகன் உயரத்துக்கு வந்துதான் பேசத் தொடங்குவார். லேப் ஐயா சொன்ன வெட்டுப்படும் நிமிஷங்கள் இவையாகத்தான் இருக்கும்.

#12 கழுவுதொட்டி

ஆமாம், அதேதான். கதை முடிந்துவிட்டது, இனி என்ன என்று கத்தரி அங்கேதான் போகும்.

#13 சிங்கைக்காரன்

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். வட்டுகளை நாடுவாரியாக மண்டலம் பிரித்திருக்கிறார்கள்: அமெரிக்க டிவிடி மண்டலம் 1, இந்தியா 5, சிங்கப்பூர் 3. ப்ளூ-ரே என்றால் அமெரிக்காவும் சிங்கப்பூரும் 'ஏ', இந்தியா 'சி'. ஊரில் வாங்கிய சாதாரண பிளேயரில் அமெரிக்க வட்டு ஓடாமல் போகலாம். எல்லா மண்டலமும் ஓடும் பிளேயரா என்று கேட்டு வாங்குங்கள். 'கன்ஸ்மோக்' 2007 இல் முதல் சீசனில் தொடங்கி, 2020 இல் 635 எபிசோடும் ஒரே பெட்டியாக வந்துவிட்டது.

#14 ஸ்கார்பரோவாசி

635! இருவது வருசம். தம்பி லாடம், மார்ஷலின்ர உதவியாள் செஸ்டராக வாற டென்னிஸ் வீவர் கால் மடக்காமல் நடப்பாரெல்லோ, அது நடிப்பு. ஆள் ஒலிம்பிக் தெரிவுப் போட்டி வரைக்கும் போன டெகத்லான் (பத்துப் போட்டி சேர்ந்த தடகளம்) வீரர். உண்மையில கால் நோவோட நடந்தவர் மார்ஷலா நடிச்சவர்தான். ஜேம்ஸ் ஆர்னஸ் 1944 இல இத்தாலியில அன்சியோப் போர்முனையில காலில படுகாயப்பட்டவர். நொண்டிற ஆள் நிமிந்து நடக்க, ஓடுற ஆள் நொண்டி நடந்திருக்கினம். தெருவில ரெண்டு பேரும் சேந்து நடக்கிற ஷொட் வந்தால் நான் இப்ப கதையை விட்டிட்டுக் காலைத்தான் பாக்கிறன்.

#15 லாடம்

இது தெரியாமல் பதினேழு எபிசோட் பார்த்திருக்கிறேன், அண்ணா. இன்றைக்கு இன்னும் இரண்டு போட்டேன். ஒன்றில் இருவரும் சிறை அலுவலகத்திலிருந்து மதுக்கடை வரை நடக்கிறார்கள், வசனமே இல்லை. மேட் மரப்படியில் இறங்கும்போது ஒரு கணம் தயங்கின மாதிரி எனக்குப் பட்டது. பின்னால் ஓட்டி மூன்று தடவை பார்த்தேன்.

ஏழாவது சீசனில் ஒரு மணி நேரமாக ஆகிறதாமே. அரை மணி எபிசோடுகள் 233. எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் அங்கே போவதாக இருக்கிறேன். லேப் ஐயா, மணி நேர எபிசோடுகளிலும் ஆப்டிகல் கரைசலில் துகள் கூடுவது தெரியுமா?

#16 கழுவுதொட்டி

தெரியும். 1966 இல் வண்ணத்துக்கு மாறிய பிறகு இன்னும் நன்றாகத் தெரியும், நிறமும் லேசாகக் குதிக்கும். பன்னிரண்டாவது சீசனுக்கு வரும்போது சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து முதல் வட்டிலிருந்து போடுகிறேன்.